விரல் ரேகை தேய்ந்தவனுக்கு அரிசி இல்லையா?

(கமக்காரரும் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் ஒருங்கு கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை.)



அரசாங்கம் உணவுக்கென்று வழங்கிய அட்டை ஒருநாள் திடீரென்று வேலை செய்யாது போனால் குடியானவன் என் செய்வது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். கேட்பதற்குச் சிறிய பொருள். மொழியுரிமையும் காணியுரிமையும் முழங்கிய மேடையிலே அட்டையும் அரிசியுமா என்று சிலர் நகைக்கவுங் கூடும். நகைப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் நினைவூட்டுகின்றேன். 1953 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆந் திகதி இந்த நாட்டை அசையாது நிறுத்தி வைத்தது எது? ஒரு கொத்து அரிசி. 25 சதத்துக்கு விற்ற கூப்பன் அரிசியின் விலையை 70 சதமாக உயர்த்தினார்கள். ஹர்த்தால் மூண்டது. மந்திரிசபை தரையிலே கூட அஞ்சிக் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடிற்று. ஒக்டோபர் மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஆகவே அரிசிப் பேச்சு அரசியற் பேச்சு அன்று என்று எவரும் எண்ணவேண்டா.

அந்தக் காலத்துக் கூப்பன் புத்தகத்தைக் கண்டவர்கள் இச்சபையிலும் சிலர் இருக்கின்றீர்கள். சங்கக்கடை மனேச்சர் இலையைக் கிழித்தார், அரிசியை நிறுத்தார், பெயரைப் புத்தகத்திற் பதிந்தார். அதிலே களவு இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இறந்தவர் பெயரிலும் பிறவாதவர் பெயரிலும் கூப்பன் ஓடிய கதைகளை நீங்களும் அறிவீர்கள். ஆனால் அந்தக் காகிதத்துக்கு ஒரு குணம் உண்டு. அது பழுதுபட்டால் பழுது கண்ணுக்குத் தெரிந்தது. இலை கிழிந்திருந்தால் கிழிந்திருந்தது. முத்திரை இல்லையென்றால் இல்லை. எழுத்தறியாத கிழவியும் அதைக் கையிற் பிடித்து, "ஏன் தம்பி தரமாட்டாய்?" என்று கேட்கக் கூடியதாயிருந்தது.

இன்றைய அட்டைக்கு அந்தக் குணம் இல்லை. அது கெட்டுப் போனால் எங்கே கெட்டது என்பது அட்டைக்காரனுக்கும் தெரியாது, கடைக்காரனுக்கும் தெரியாது. இதற்கு நம் கண்முன்னே இருக்கும் மிகப்பெரிய சான்று இந்தியாவின் பங்கீட்டு அட்டை. அங்கே மக்கள் அதை ரேஷன் கார்டு என்பர். அந்நாட்டின் கதையை இங்கே ஏன் எடுத்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கின்றேன்.

2013 ஆம் ஆண்டிலே இந்தியப் பாராளுமன்றம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கிராமங்களில் 75 சதவீதம் வரையானோர்க்கும் நகரங்களில் 50 சதவீதம் வரையானோர்க்கும், ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறுவது சட்டப்படியான உரிமை என்று அது வகுத்தது. மிக வறிய குடும்பங்களுக்குக் குடும்பமொன்றுக்கு 35 கிலோ. அரிசி கிலோ 3 ரூபா என்றிருந்தது. 2023 சனவரி முதல் அதுவும் இலவசம். ஏறத்தாழ 80 கோடி மக்கள் இதிலே அடங்குவர். மனித வரலாற்றில் இத்தனை பேருக்கு ஓர் அரசு தானியம் வழங்கியதில்லை. இதைப் பழிக்க நான் இங்கு நிற்கவில்லை. நல்ல சட்டம். அந்த நல்ல சட்டத்தின் வாசலிலே ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்களே, அதைப் பற்றியே என் பேச்சு.

ஆதார் என்னும் 12 இலக்க எண்ணை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்து விரல்களின் ரேகையையும் இரு கண்களின் கருவிழியையும் பதிந்து ஒவ்வோர் ஆளுக்கும் கொடுக்கப்பட்ட எண் அது. 2017 பெப்ரவரியில் மத்திய அரசாங்கம் ஓர் அறிவித்தல் வெளியிட்டு, பங்கீட்டுத் தானியத்தை அந்த எண்ணோடு பிணைத்தது. இப்போது அரிசி வாங்கும் விதம் எப்படி? கடைக்காரர் கையடக்கமான ஓர் இயந்திரத்தில் அட்டையின் எண்ணை அழுத்துகின்றார். குடும்பத்தாரின் பெயர்கள் தோன்றுகின்றன. வந்திருப்பவர் விரலை வைக்கின்றார். அந்த ரேகை தொலைபேசி அலைமூலம் பல நூறு மைல்களுக்கு அப்பால் உள்ள களஞ்சியத்துக்குப் போய், அங்கே பதிந்துள்ள ரேகையோடு ஒப்புநோக்கப்பட்டு, "ஆம்" அல்லது "இல்லை" என்ற ஒரு சொல்லாகத் திரும்பி வருகின்றது. "ஆம்" என்றால் பற்றுச்சீட்டு, பின்பு அரிசி. "இல்லை" என்றால் வெறுஞ்சாக்கு.

இந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் என்று எண்ணிப் பாருங்கள். மின்சாரம் இருக்கவேண்டும். இயந்திரம் இயங்கவேண்டும். அலை கிடைக்கவேண்டும். மாநில அரசின் கணினி விழித்திருக்கவேண்டும். மத்திய களஞ்சியம் பதில் சொல்லவேண்டும். எண் பிழையின்றி இணைக்கப்பட்டிருக்கவேண்டும். இத்தனைக்கும் பிறகு விரல் ஒத்துவரவேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் முடிவு ஒன்றுதான்: அரிசி இல்லை.

ஆகவே அட்டை நின்றுபோன மனிதன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "ஏன் நின்றது?" என்பதன்று. அதற்குக் கடையிலே பதில் கிடைக்காது. "யார் யாருக்கு நின்றது?" என்று கேட்கவேண்டும். வரிசையில் நின்ற எல்லோருக்குமா? எனக்கு மட்டுமா? என் வீட்டாரில் ஒருவருக்கா? அல்லது என் வீட்டுக்கே நின்றதா? இந்த ஒரு கேள்வியிலே பாதி நோய் தெரிந்துவிடும். வைத்தியர் நாடி பிடிப்பதற்கு முன், அயல்வீட்டிலும் காய்ச்சல் உண்டா என்று விசாரிப்பது போன்றது இது.

வரிசை முழுவதும் நின்றுவிட்டால் குற்றம் அலையிலோ கணினியிலோ இருக்கின்றது. அட்டைக்காரன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, மறுநாள் வரவேண்டும். ஆனால் மறுநாள் என்பது கூலிக்காரனுக்கு ஒரு நாட் கூலி. இராசத்தானிலும் ஜார்க்கண்டிலும் அலை தேடி அந்த இயந்திரத்தை மேட்டு நிலங்களுக்குக் காவிச் சென்றதையும் மரத்தில் ஏறி நின்றதையும் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. விண்ணில் கோள் ஏவும் நாடு, மரக்கிளையில் அரிசி தேடிற்று!

ஒருவருக்கு மட்டும் நின்றால் குற்றம் பெரும்பாலும் விரலில். இங்கேதான் கமக்காரப் பெருமக்கள் செவிசாய்க்கவேண்டும். உங்கள் கைகளைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். மண்வெட்டிப் பிடி உராய்ந்த கை, கிணற்றுக் கயிறு அறுத்த கை, வெங்காயத்தறையிலும் புகையிலைப் பாத்தியிலும் நாற்பது ஆண்டு கிடந்த கை, பனைமரத்தை அணைத்து ஏறிய கை, சீமெந்து குழைத்த கை, வயலில் நாற்று நட்ட பெண்ணின் கை. இந்தக் கைகளில் ரேகை எங்கே? உழைப்பு அதைத் தின்றுவிட்டது. முதுமையும் தின்கின்றது, தோல் வறண்டு சுருங்க, ரேகை மங்குகின்றது. மேசையிலிருந்து எழுதுகின்ற என் போன்றவர்களின் விரலை அந்த இயந்திரம் முதல் தரத்திலேயே ஏற்றுக்கொள்ளும். யாருக்கு அரிசி அதிகம் வேண்டுமோ அவருடைய விரலைத்தான் அது மறுக்கும். இதை விபத்து என்று நான் கொள்ளமாட்டேன். இயந்திரத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் யாருடைய கையை நினைத்துக்கொண்டு தெரிந்தெடுத்தார்கள் என்பதே கேள்வி.

விரல் மறுக்கப்பட்டால் வழி இல்லாமல் இல்லை. கையைக் கழுவி நன்றாகத் துடைத்து மீண்டும் வைக்கலாம். வியர்வையும் ஈரமும் எண்ணெயும் ரேகையை மறைக்கும். கட்டைவிரல் போனால் மோதிரவிரல். வலக்கை போனால் இடக்கை. பத்து விரலில் எது தெளிவானது என்று ஒருதரம் அறிந்துகொண்டால், அதையே எப்போதும் வைக்கலாம். அட்டையிற் பெயருள்ள வேறொருவர் போய் வைக்கலாம். பதிந்த தொலைபேசிக்கு ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய இலக்கம் வரும் வசதி சில இடங்களில் உண்டு. கருவிழியைப் படிக்கும் கருவியும் சில கடைகளில் உண்டு. ஆதார் நிலையத்துக்குப் போய் ரேகையைப் புதிதாகப் பதிவித்துக்கொள்ளவும் முடியும். இன்னொன்று: தம் ரேகையைப் பிறர் பயன்படுத்தாதபடி பூட்டி வைக்கும் வசதி ஆதாரில் இருக்கின்றது. படித்த பிள்ளை யாரோ பாட்டனின் ரேகையை நல்லெண்ணத்தோடு பூட்டி வைத்துவிட்டு நகரத்துக்குப் போய்விட்டால், பாட்டன் எத்தனை தரம் விரல் வைத்தும் பயனில்லை, பூட்டைத் திறக்கவேண்டும்.

இவையெல்லாம் தவறினால்? அப்போது கடைக்காரர் விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதி, அட்டையைப் பார்த்து அரிசி கொடுக்கவேண்டும். இது சலுகை அன்று. 2017 ஒக்டோபரில் மத்திய அரசாங்கமே மாநிலங்களுக்கு அனுப்பிய கட்டளை. ஆதார் இல்லை என்பதற்காக எவருடைய பெயரையும் நீக்கலாகாது, விரல் ஒத்துவரவில்லை என்பதற்காக எவரையும் வெறுங்கையோடு திருப்பலாகாது என்று அந்தக் கட்டளை கூறிற்று. அந்தப் பதிவேடு ஒன்று இருக்கின்றது என்பதை அறிந்தவன் அரிசியோடு வீடு திரும்பினான். அறியாதவன் வெறுஞ்சாக்கோடு திரும்பினான். படித்தவர்கள் இந்தச் சபையிலே பலர் இருக்கின்றீர்கள். உங்கள் கடமை எங்கே தொடங்குகின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கட்டளை ஏன் 2017 ஒக்டோபரில் பிறந்தது? அதற்கு முந்திய மாதம் ஜார்க்கண்ட் மாநிலத்துச் சிம்தேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். குடும்பத்தின் அட்டை ஆதாரோடு இணைக்கப்படவில்லை என்று நீக்கப்பட்டிருந்தது. பல மாதம் அரிசி இல்லை. சோறு கேட்டபடியே பிள்ளை இறந்தது என்றாள் தாய். மலேரியாக் காய்ச்சல் என்றது அரசாங்கம். நோய் எது என்பதிலே வழக்கு உண்டு. அட்டை நீக்கப்பட்டதிலே வழக்கில்லை.

ஆகவே, வீட்டுக்கே நின்றுபோகும் அட்டைதான் எல்லாவற்றினும் கொடியது. விரல் பிழைத்தால் ஐந்து கிலோவை அடுத்த வாரமாவது பெறலாம். அட்டையே நீக்கப்பட்டால் மனிதன் ஏட்டிலிருந்து மறைந்துவிடுகின்றான். அவனுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. "போலி அட்டை" என்றோ "ஊரை விட்டுப் போனவர்" என்றோ "இறந்தவர்" என்றோ ஓர் எழுதுவினைஞர் ஓர் அறையிலிருந்து அடையாளமிட்டிருப்பார். மாத இறுதியில், இத்தனை இலட்சம் போலி அட்டைகளை ஒழித்தோம் என்று மந்திரி அறிக்கை விடுவார். போலி எது, இணைக்கப்படாதது எது என்று பிரித்துச் சொல்லமாட்டார். ஏறக்குறைய 3 கோடி அட்டைகள் இவ்வாறு நீக்கப்பட்டன என்று முறையிட்ட மனுவொன்றை 2021 மார்ச்சில் இந்திய உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தபோது, இது பாரதூரமான விடயம் என்று நீதிபதிகள் கூறினர். அரசாங்கம் அந்தக் கணக்கை மறுத்தது.

வீட்டிலே ஒருவரின் பங்கு மட்டும் குறைந்தால், அவருடைய பதிவிலே பிழை. 12 இலக்கத்தில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்திருப்பார்கள். அல்லது அதே எண் இன்னோர் அட்டையிலும் ஏறியிருக்கும். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ரேகையைப் புதுப்பிக்கவேண்டும் என்பது விதி, அதை மறந்திருப்பார்கள். அண்மை ஆண்டுகளில் அட்டையிலுள்ள ஒவ்வொருவரும் நேரில் வந்து தம்மை உறுதிப்படுத்தவேண்டும் என்றும் தவணை குறித்தார்கள். தவணை பலமுறை நீட்டப்பட்டது. வேறு மாநிலத்தில் செங்கற்சூளையில் வேலை செய்யும் மகன் எப்படி வருவான் என்று வீட்டார் கலங்கினர். இயன்ற இடத்துக் கடையிலேயே உறுதிப்படுத்தலாம் என்ற வசதி பின்னர் வந்தது. வசதி வந்த செய்தி சூளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

நோய்களில் இன்னொன்றும் உண்டு. அட்டை நன்றாக இருக்கும். இயந்திரமும் "ஆம்" என்றே சொல்லியிருக்கும். கடைக்காரர்தான் "இல்லை, நாளை வா" என்பார். விரல் ஏட்டிலே விழுந்துவிட்டது. அரிசி அவர் கணக்கிலே விழுந்துவிட்டது. இதற்கு மருந்து, விரல் வைத்தவுடன் பற்றுச்சீட்டைக் கேட்பது. பல மாநிலங்களில் எந்த அட்டைக்கு எந்தத் திகதியில் எத்தனை கிலோ கொடுக்கப்பட்டது என்பதை இணையத்திலே எவரும் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளை ஒன்று பார்த்துச் சொன்னாலே பொய் வெளிப்பட்டுவிடும். நல்ல காரியத்தை நல்ல காரியம் என்றே சொல்லவேண்டும்: இந்தத் திறந்த ஏடு பழைய கூப்பன் காலத்தில் நமக்குக் கிட்டாத வரம்.

இவ்வளவு துன்பமும் களவை ஒழிப்பதற்காகத்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. களவு இருவகைப்படும். ஒருவன் இன்னொருவன் பெயரில் வாங்குவது ஆட்களவு. உரியவனுக்கே 5 கிலோ என்று எழுதி 4 கிலோ நிறுப்பது அளவுக் களவு. விரல் ரேகை முதலாவதைத் தடுக்கலாம். இரண்டாவதை அது எப்படித் தடுக்கும்? தராசுக்கு விரல் தெரியாதே! விரல் ஒத்துவந்த பின்பும் நிறையிலே வெட்டலாம், வெட்டினார்கள். பொருளியலறிஞர் ஜோன் திரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் ஜார்க்கண்டில் நேரிற் சென்று ஆராய்ந்து 2017 இல் எழுதியதன் சாரம் இதுவே: நோவு உண்டு, பயன் இல்லை. கார்த்திக் முரளீதரனும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் அதே மாநிலத்திலே பெரிய அளவில் சோதனை முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விரல் ரேகையைக் கட்டாயமாக்கியதனாற் களவு குறையவில்லை; முன்னர் ஆதார் இணைக்காத குடும்பங்கள் பெற்ற பங்கு சுமார் 10 சதவீதம் குறைந்தது என்று கண்டனர். இயந்திரத்தை ஆதரிக்கும் படித்தவர்கள் இந்த முடிவை ஒருமுறையாவது படிக்கவேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். தமிழ்நாட்டிலே குடும்ப அட்டைகள் 2 கோடிக்கு மேல் உள்ளன. 2017 இல் அவை மின்னணு அட்டைகளாயின. 2011 யூன் முதல் அரிசி இலவசம். 2020 இல் விரல் ரேகை அங்கும் வந்தது. அங்கும் முதியோரின் விரல் ஒத்துவரவில்லை. அங்கும் வரிசைகள் நீண்டன. ஆனால் அங்கே கூச்சல் உடனே எழுந்தது. விரல் மறுத்தால் கையொப்பம் வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுங்கள் என்று அமைச்சரே அறிவிக்க நேர்ந்தது. ஏன் இந்த வேறுபாடு? என் கருத்து இது: தமிழ்நாட்டில் அட்டை எல்லோருக்கும் உரியது. ஆசிரியர் வீட்டிலும் உண்டு; வக்கீல் வீட்டிலும் உண்டு; கூலிக்காரன் வீட்டிலும் உண்டு. ஆசிரியரின் தாய் வெறுஞ்சாக்கோடு திரும்பினால் ஆசிரியர் மனு எழுதுவார். ஏழைக்கு மட்டும் உரிய அட்டை நின்றுபோனால் மனு எழுத ஆளில்லை.

ஏழை நாட்டுக் கோளாறு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே உணவு உதவி வங்கி அட்டை போன்ற ஓர் அட்டையில் வருகின்றது. 2013 ஒக்டோபர் 12 ஆந் திகதி, அந்த அட்டைகளை இயக்கிய தனியார் நிறுவனத்தில் மின்னாக்கியைச் சோதித்துப் பார்க்கும்போது கணினி நின்றது. 17 மாநிலங்களில் அட்டைகள் செயலிழந்தன. வண்டியில் நிரப்பிய பாலையும் ரொட்டியையும் விட்டுவிட்டுத் தாய்மார் வெறுங்கையோடு கடையை விட்டு வெளியேறினர். அங்கே கணினி நின்றாலும் கைச்சீட்டு எழுதி, ஓர் எல்லை வரை பொருள் கொடுக்கும் ஏற்பாடு விதியிலே இருந்தது. ஏட்டில் இருந்த ஏற்பாடு எல்லாக் கடைகளிலும் இருக்கவில்லை. ஜார்க்கண்டின் விதிவிலக்குப் பதிவேட்டுக்கும் இதற்கும் கடல் இடையிட்ட தூரம், குணம் ஒன்று.

இந்தியச் சட்டத்திலே முறையிட வழி வகுத்திருக்கின்றார்கள். 1967 என்ற தொலைபேசி இலக்கம். மாவட்டந்தோறும் குறைதீர்க்கும் அதிகாரி. அவருக்கு மேல் மாநில உணவு ஆணைக்குழு. உரிய தானியம் கொடுக்கப்படாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் பெறும் உரிமையையும் சட்டத்தின் 8 ஆம் பிரிவு தருகின்றது. குறைதீர்க்கும் அதிகாரி பரிந்துரைத்த நிவாரணத்தைத் தக்க காரணமின்றிக் கொடுக்காத உத்தியோகத்தருக்கு 5000 ரூபா வரை தண்டம். எழுத்திலே அழகாக இருக்கின்றது. ஆனால் முறையிடுபவன் கையிலே என்ன இருக்கும்? இயந்திரம் "இல்லை" என்று சொன்னதற்குச் சீட்டு இல்லை. கொடுத்ததற்குத்தான் பற்றுச்சீட்டு, மறுத்ததற்குப் பற்றுச்சீட்டு இல்லை! ஆகவே திகதி, நேரம், திரையிலே தோன்றிய சொல், உடன் நின்றவர் பெயர் என்னும் நான்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டவனுடைய முறைப்பாடே நிற்கும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நமக்கும் அட்டைகளின் வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பிறந்த கூப்பன், 1966 டிசம்பரில் பாதியாகக் குறைக்கப்பட்டது. 1979 இல் அது ஒழிந்து உணவு முத்திரை வந்தது. முத்திரை வேலை செய்தது. எந்த இயந்திரமும் அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் முகப்பிலே அச்சிட்ட தொகை அப்படியே நிற்க, அரிசி விலையும் மாவின் விலையும் ஏறின. சில ஆண்டுகளில் அதே முத்திரைக்கு வாங்கக்கூடியது மிகச் சுருங்கிவிட்டது. இதுவும் ஓர் அட்டை செயலிழக்கும் விதந்தான், ஓசையின்றிச் செயலிழப்பது. பின்பு 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும. அஸ்வெசும 22 அளவுகோல்களை வைத்துக் கணினியால் குடும்பங்களைத் தெரிந்தது. பெயர்ப்பட்டியல் வெளிவந்தபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. உனக்கு ஏன் இல்லை என்பதைக் கிராம உத்தியோகத்தராலும் சொல்ல முடியவில்லை. கணினி அப்படிக் கணித்தது என்றார்.

இந்தியாவின் கதையை ஏன் எடுத்தேன் என்பதைப் பின்னர் சொல்வதாகக் கூறினேன். 2022 மார்ச்சில் இலங்கை அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் ஓர் உடன்படிக்கை செய்தன. இலங்கையர் ஒவ்வொருவருக்கும் விரல் ரேகையும் கருவிழியும் முகப்படமும் கொண்ட தனித்துவ எண்ணிம அடையாளம் வழங்குவது நோக்கம். இந்தியா அதற்கு நன்கொடை தருகின்றது. அடையாள அட்டை வரட்டும். அதை நான் எதிர்க்கவில்லை. பிறப்புப் பத்திரத்தை யுத்தத்திலே தொலைத்த வன்னி மக்களுக்கு ஒழுங்கான அடையாளம் எத்துணை தேவை என்பதை நாம் அறிவோம். ஆனால் அடையாளத்தை உணவோடும் உர மானியத்தோடும் பிணைக்கும் நாளிலே ஜார்க்கண்டின் கதை நம் கதையாகலாம். பிணைத்த பிறகு அவிழ்ப்பது எளிதன்று. 2018 செப்டெம்பரில் இந்திய உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அந்தப் பிணைப்பைச் சட்டப்படி சரி என்றே தீர்த்தனர். நீதிபதி சந்திரசூட் ஒருவரே மாறுபட்டார்.

ஆகையால் பிணைப்பதற்கு முன்னரே நாம் கேட்கவேண்டும். இயந்திரம் எந்தக் காரணத்தால் மறுத்தாலும் அன்றைய பங்கு அன்றே கொடுக்கப்படவேண்டும். பிழை எங்கே என்பதை அரசாங்கம் பிறகு ஆறுதலாகத் தேடட்டும். மறுப்புக்கும் ஓர் எழுத்துச் சீட்டு வேண்டும்; அதிலே காரணம் தமிழிலே இருக்கவேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ திரையிலே ஒரு வரி மின்னி மறைவதைக் கண்டு நெடுங்கேணிக் கமக்காரன் என் செய்வான்? மொழியுரிமையும் அரிசியும் வேறுவேறு என்று எண்ணியவர்கள் இந்த இடத்திலே சற்று நின்று சிந்திக்கவேண்டும். எவருடைய பெயரையும் நீக்குவதற்கு முன் அறிவித்தல் அனுப்பி, அவர் வாய்மொழியைக் கேட்டு, கிராமத்திலே பகிரங்கமாகப் பட்டியலை ஒட்டவேண்டும். இவற்றை வேண்டுகோளாக அன்றிச் சட்டத்தின் பிரிவுகளாகவே கேட்கவேண்டும். சுற்றறிக்கையிலே எழுதியது அடுத்த சுற்றறிக்கையிலே அழிந்துவிடும்.

அதுவரையிற் காத்திருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு கொப்பி போடுங்கள். அஸ்வெசும கொடுப்பனவு நின்றவர், பட்டியலிலிருந்து விடுபட்டவர், வங்கியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர், உர மானியம் கிடையாதவர், ஒவ்வொருவர் பெயரும் திகதியும் அவருக்குச் சொல்லப்பட்ட காரணமும் அதிலே ஏறட்டும். எழுதத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை அதற்குக் கொடுக்கட்டும். மாத முடிவில் ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும், ஒரு பிரதி உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கும், ஒரு பிரதி இந்தப் பத்திரிகைக் காரியாலயத்துக்கும் போய்ச் சேரட்டும்.